டைகோடஸ் பல்லைப் படிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சுறாவுக்கு எலும்பு கிடையாது. அதன் உடலைத் தாங்குவது குருத்தெலும்பு. செத்துக் கடலடிக்குப் போனதும் அது சீக்கிரமே சிதைந்துவிடும். கல்லாக மாறும்வரை தாக்குப்பிடிப்பது பெரும்பாலும் பல் மட்டும்தான். டைகோடஸ் என்ற சுறாப் பேரினத்தின் கதையும் இதுவே. சுமார் 10.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு தோன்றி, சுமார் 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மறைந்த மீன் இது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தின் நடுவிலும் பிற்பகுதியிலும் உலகின் பல கடல்களில் நீந்தியிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்த மீன் ஆய்வாளர் லூயி அகாசி 1830களில் இதற்குப் பெயர் வைத்தார். அதன் முழு உடல் எப்படி இருந்தது என்பது 2024இல்தான் வெளியானது.

இடைப்பட்ட ஏறக்குறைய 190 ஆண்டுகளும் ஆய்வாளர்கள் முக்கியமாகப் பல்லையே படித்துக்கொண்டிருந்தார்கள். சில விஷயங்களை மிகச் சரியாகப் படித்தார்கள். சிலவற்றில் தடம் மாறிப் போனார்கள். பல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்தப் படிப்பில் பாதி முடிந்துவிட்டது. அதைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரை. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பல்லுக்கும், யாரோ அனுப்பிய படத்துக்கும், ஓடைக்கரையில் கண்ணில் பட்ட பல்லுக்கும் இது பொருந்தும்.

தமிழ் வாசகருக்கு இதில் தனி அக்கறை இருக்கக் காரணம் உண்டு. டைகோடஸின் ஒரு சிற்றினம் நம் காவிரிப் படுகைப் பாறைகளிலும் கிடைத்திருக்கிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் காட்டும் ஸ்கேல் (வெர்னியர் காலிப்பர் இருந்தால் இன்னும் நல்லது), ஒரு சிறிய டார்ச், படம் எடுக்க போன். இவ்வளவு போதும். இவற்றில் டார்ச்சைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் பல்லின் மேல்பரப்பு தட்டையாகவே தெரியும். டார்ச்சைப் பல்லின் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். தேய்ந்துபோன பல்லில்கூட மிச்சம் மீதி வரிகள் அப்போது கண்ணில் படும்.

படி 1: இது பல்தானா?

டைகோடஸ் பல்லுக்கு இரண்டு பாகம். மேலே மகுடம், கீழே வேர். மகுடம் எனாமல் போன்ற கடினமான உறையால் மூடியிருக்கும், வழவழப்பாகப் பளபளக்கும். வேர் மங்கலாக, நுண்துளைகளோடு, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். மேலிருந்து பார்த்தால் மகுடம் அகலம், வேர் அதைவிடக் குறுகல், ஆகவே மகுடத்தின் ஓரம் வேரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேரின் அடியில் நடுவே ஆழமில்லாத ஒரு பள்ளம் ஓடி அதை இரண்டு பாதியாகக் காட்டும்.

மகுடத்தின் மேல் குறுக்கே ஓடும் மேட்டு வரிகள்தான் டைகோடஸின் கையெழுத்து. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை சில உண்டு.

அம்மோனைட் என்பது கணவாயின் பழங்கால உறவினம், சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்தது. அதன் ஓட்டின் உடைந்த துண்டிலும் வரிசையாக மேடுகள் இருக்கும். ஆனால் அதற்கு வேர் இருக்காது, அடிப்பக்கமும் மேல்பக்கத்தைப் போலவே வளைந்திருக்கும். பிக்னோடான்ட் என்ற பழங்கால எலும்பு மீன்களின் பற்களும் ஓடு நொறுக்குபவையே. அவை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ வழவழவென்று இருக்கும், மேலே வரிகள் இருக்காது. தனியாக உதிர்ந்த பல்லைத் திருப்பிப் பார்த்தால் வேர் இருக்க வேண்டிய இடம் குழிந்திருக்கும். அக்ரோடஸ் என்ற சுறாவின் பல் நீளமானது. அதன் நெடுக ஒரு முகடு ஓடும், அந்த முகட்டிலிருந்து இரு பக்கமும் நுண்வரிகள் பிரியும். அதுவும் பெரும்பாலும் கிரெட்டேசியஸுக்கு முந்திய பாறைகளில் கிடைப்பது.

அதிகம் ஏமாற்றுவது திருக்கைப் பல். சிப்பி நொறுக்கும் திருக்கைகளின் பற்களும் தட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருக்கும். அதைப் பிரித்தறிய வேரைப் பாருங்கள். திருக்கைப் பல்லின் வேரில் பல பள்ளங்கள் இணையாக ஓடி, வேரை மெல்லிய பட்டைகளாகப் பிளந்திருக்கும். டைகோடஸில் அப்படி இருக்காது. மகுடத்தைப் பார்த்தே முடிவு கட்டும் பழக்கம் இந்த இடத்தில்தான் காலை வாரிவிடும்.

படி 2: பாறையின் வயது

பல்லை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள். அது எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். டைகோடஸ் கிடைப்பது கிரெட்டேசியஸின் ஆல்பியன் கட்டம் முதல் கம்பேனியன் கட்டம் வரையிலான கடல் படிவுகளில். தென் இங்கிலாந்தின் சுண்ணப் பாறைகள், அமெரிக்காவின் கன்சாஸ், டெக்சஸ் மாநிலங்கள், மெக்சிகோ, வட இத்தாலி, ஜப்பான் என்று அதன் பரப்பு பெரியது. வரி போட்ட ஒரு பல், கிரெட்டேசியஸுக்கு வெகு பின்னால் வந்த மயோசீன் காலப் பாறைக்குள்ளிருந்து வந்ததாகச் சொன்னால், பல்லையும் தகவலையும் சேர்த்தே சந்தேகப்படுங்கள்.

பல்லோடு ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவித் தள்ளிவிடாதீர்கள். ஊர் பேர் தெரியாத பல்லில் மிஞ்சிய ஒரே சாட்சி சில நேரம் அந்த மண்தான். அதற்குள் நுண்ணுயிர்களின் ஓடுகள் இருக்கலாம், அவற்றை வைத்து வயது சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அதே அடுக்கில் கிடைத்த அம்மோனைட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கிரெட்டேசியஸ் காலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்க உதவுவதில் அம்மோனைட்டுக்கு ஈடு குறைவு.

படி 3: முன் எது, பின் எது, வாயில் எந்த இடம்?

பெயர் தேடுவதற்கு முன்னால் பல்லைச் சரியாகத் திருப்பி வைக்க வேண்டும். மகுடத்தின் ஒரு பக்கம் சற்று வெளியே புடைத்திருக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் லேசாக உள்வாங்கியிருக்கும். புடைத்த பக்கம் முன், உள்வாங்கிய பக்கம் பின். ஒரு பல்லின் குழிவில் அடுத்த பல்லின் புடைப்பு பொருந்திக்கொள்ளும். இப்படித்தான் நூற்றுக்கணக்கான பற்கள் இடைவெளி இல்லாமல் நெருங்கி, தாடை முழுவதையும் ஒரே அரைக்கும் பரப்பாக ஆக்கின. வரிகள் இடமிருந்து வலமாக ஓடும்படி வைத்தால் நீங்கள் சரியாக வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம் சமச்சீரைப் பாருங்கள். இடது பாதியும் வலது பாதியும் ஒத்திருந்தால் அது தாடையின் நடு வரிசைப் பல். ஒரு பக்கம் இழுபட்டுச் சாய்ந்திருந்தால் பக்க வரிசை. சாய்வு அதிகமாகி, அளவும் குறைந்துகொண்டே போனால் வாயின் ஓரத்தை நெருங்குகிறோம் என்று அர்த்தம்.

நடு வரிசையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆர்தர் ஸ்மித் உட்வர்ட் 1887இல் டைகோடஸின் பல்வரிசையை ஒழுங்குபடுத்திக் காட்டினார். கீழ்த்தாடையின் நடு வரிசையில் இருப்பவை பெரிய பற்கள். மேல்தாடையின் நடு வரிசையிலோ மிகச் சிறிய பற்கள். அதன் இரு பக்கமும் மறுபடி பெரிய பற்கள் வரும். ஆகவே சமச்சீரான பெரிய பல் கையில் இருந்தால் கீழ்த்தாடையை நினைக்கலாம். சமச்சீரான குட்டிப் பல் என்றால் மேல்தாடை. உதிரியாகக் கிடைத்த ஒற்றைப் பல்லை எடுத்து, பல கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வாயில் அது உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்ட முடிகிறதே, இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

படி 4: மகுடத்தைப் படித்துச் சிற்றினம் தேடுவது

இங்கேதான் நிதானம் வேண்டும். மூன்று விஷயங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும்: மகுடத்தின் உயரம், வரிகளின் போக்கு, வரிகள் முடியும் விதம்.

உயரத்துக்குப் பல்லைப் பக்கவாட்டில் திருப்புங்கள். மகுடம் தட்டையாகக் கிடக்கிறதா, மெதுவாக மேடேறுகிறதா, திடீரென்று குமிழாக எழுகிறதா, கூம்பாக உயர்கிறதா? இதை ஒரு கோட்டோவியமாக நோட்டில் வரைந்துவிடுங்கள். படத்தில் தெரியாத சரிவு கை வரையும்போது பிடிபடும்.

வரிகளின் போக்குக்கு மேலிருந்து பாருங்கள், டார்ச் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர்க்கோடுகளாகக் குறுக்கே ஓடுகின்றனவா, அல்லது உச்சியிலிருந்து எல்லாத் திசைக்கும் பிரிகின்றனவா? எத்தனை வரிகள், தடிமனா மெல்லியதா?

மூன்றாவதுதான் பெரும்பாலான தீர்ப்பைத் தருவது. மகுடத்தின் நடுப்பகுதி வரிகள் நிறைந்தது. அதைச் சுற்றி ஓரத்தில் ஒரு விளிம்புப் பகுதி இருக்கும், அதில் சின்னச் சின்ன மணிகளும் நுண்வரிகளும் இருக்கும். நடுவரிகள் அந்த விளிம்புக்கு முன்பே சட்டென்று நின்றுவிடுகின்றனவா, வளைந்து திரும்புகின்றனவா, அல்லது கிளை பிரிந்து மெலிந்து ஓரம்வரை போய்க் கரைகின்றனவா?

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு முக்கியமான சில சிற்றினங்களைப் பார்ப்போம்.

டைகோடஸ் டெக்கரன்ஸ்: மகுடம் தாழ்வானது. வரிகள் குறுக்கே ஓடி, விளிம்புப் பகுதிக்குள்ளும் நுழைந்து, பிரிந்து ஓரத்தைத் தொடும். நடுப்பகுதி எங்கே முடிகிறது, விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. தமிழ்நாட்டில் கிடைத்தது இந்தச் சிற்றினம்தான்.

டைகோடஸ் மம்மில்லாரிஸ்: டெக்கரன்ஸுக்கு நேர் எதிர். நடுவில் ஒரு குமிழ் தெளிவாக எழும். அதன் மேல் வரிகள் குறுக்கே ஓடி, குமிழின் சரிவோடு முடிந்துவிடும். அதைச் சுற்றி அகலமான விளிம்பு, அதில் மணிமணியான பரப்பு.

டைகோடஸ் மார்டோனி: பார்த்ததும் தெரிந்துவிடும். மகுடத்தின் உச்சியில் ஒரு புள்ளி, அங்கிருந்து வரிகள் நாலாபுறமும் பிரியும். வட அமெரிக்காவில், குறிப்பாகக் கன்சாஸில், பெயர்பெற்ற சிற்றினம்.

டைகோடஸ் லாட்டிசிமஸ், டைகோடஸ் பாலிகைரஸ்: இரண்டுமே அகன்ற, பெரிய பற்கள் கொண்டவை. லாட்டிசிமஸில் வரிகள் குறைவு, ஆனால் தடிமன். பாலிகைரஸில் வரிகள் அதிகம், முனைகளில் வளைந்து திரும்பும். இவை இரண்டையும் பிரிப்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே நெடுங்காலம் இழுபறி இருந்திருக்கிறது. ஆகவே ஒற்றைப் பல்லை வைத்துத் தீர்ப்பு சொல்ல அவசரப்பட வேண்டாம்.

டைகோடஸ் விப்லே: 1858இல் பெயர் பெற்றது, இதுவும் வட அமெரிக்காவில் கிடைப்பது. மகுடம் குறுகலாக உயர்ந்து கூம்பு வடிவம் எடுக்கும்.

இன்னும் பல சிற்றினங்கள் இருக்கின்றன. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே மீனின் வாயில் நடுப்பல் ஒரு மாதிரியும் ஓரப்பல் வேறு மாதிரியும் இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக உயரம் குறையும், வரிகள் கோணலாகும். 19ஆம் நூற்றாண்டில் உதிரிப் பற்களை வைத்து ஏராளமான பெயர்கள் சூட்டப்பட்டன. பிறகு அவற்றில் பல, ஒரே சிற்றினத்தின் வேறு வேறு இடத்துப் பற்கள் என்று தெரிந்து கைவிடப்பட்டன. படி 3ஐ முடிக்காமல் படி 4க்கு வரக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சந்தேகம் தீரவில்லையா? ‘டைகோடஸ், சிற்றினம் உறுதியில்லை’ என்று எழுதுங்கள். துறையில் இருப்பவர்களும் தினமும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தவறான முழுப் பெயரைவிடச் சரியான பாதிப் பெயர் அடுத்து வருபவருக்கு எவ்வளவோ உதவும்.

படி 5: தேய்மானம்

புதிதாக முளைத்த பல்லில் வரிகள் கூர்மையாக நிற்கும். பயன்பட்ட பல்லில் உச்சி மழுங்கி, சில நேரம் வரிகளே இல்லாமல் வழவழவென்று ஆகிவிடும். அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். கொத்தி வைத்த அம்மியில் மிளகாய் வழுக்காமல் அரைபடும், நாளாக நாளாகத் தேய்ந்து வழுக்க ஆரம்பிக்கும், மறுபடி கொத்த வேண்டும். டைகோடஸின் வரிகள் செய்த வேலையும் அதுதான். வழுக்கும் ஓட்டைப் பிடித்து நிறுத்தி, அழுத்தத்தைச் சில கோடுகளில் குவித்து நொறுக்கின. ஆனால் இந்த அம்மிக்குக் கொத்துபவர் தேவைப்படவில்லை. எல்லாச் சுறாக்களையும் போல இதுவும் பற்களைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே முளைத்த புதுப் பற்கள் முன்னே நகர, தேய்ந்தவை உதிர்ந்தன. ஒரே மீன் வாழ்நாளில் ஏராளமான பற்களைக் கடலடியில் விட்டுப் போனது இப்படித்தான். இன்று உதிரிப் பல் இவ்வளவு கிடைப்பதற்கும் காரணம் அதுவே.

தேய்மானத்தில் இரண்டு வகையைப் பிரிக்கப் பழகுங்கள். இரை அரைத்துத் தேய்ந்தது மகுடத்தின் உச்சியில் மட்டும், சமமான பரப்பாக இருக்கும், ஓரத்து மணிகள் கூர்மையாகவே மிஞ்சியிருக்கும். அலையிலும் மணலிலும் உருண்டு தேய்ந்தது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கும், வேரின் முனைகளும் உருண்டுவிடும். முதலாவது மீனின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும். இரண்டாவது, பல் விழுந்த பிறகு பட்ட பாட்டைச் சொல்லும்.

சாப்பாடு என்ன? ஓடுள்ள உயிர்கள் என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. கன்சாஸ் பகுதியின் கிரெட்டேசியஸ் கடலடியில் இனோசெராமிட் என்ற பெரிய சிப்பிகள் கிடந்தன, சில ஒரு மீட்டருக்கும் மேல் அகலமானவை. ஆகவே டைகோடஸ் கடலடியில் மேய்ந்து சிப்பி தின்ற மீன் என்பதே நெடுநாள் படம். கூம்பு மகுடம் கொண்ட சிற்றினங்கள் வேறு இரையையும் பிடித்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

படி 6: அளவு

மகுடத்தின் இட வல அகலம், முன் பின் நீளம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். வாயின் ஓரத்துப் பல் சில மில்லிமீட்டர்தான் இருக்கும், நடுப்பல் பல சென்டிமீட்டர் போகும். எல்லாம் ஒரே மீனுக்குள். ‘பல் இவ்வளவு, அப்படியானால் மீன் இவ்வளவு’ என்ற கணக்கு டைகோடஸில் எளிதில் பொய்த்துப்போக இதுவே காரணம். எந்த இடத்துப் பல் என்று தெரியாமல் போடும் நீளக் கணக்கை நம்ப வேண்டாம், யார் போட்டாலும் சரி. 2010இல் கன்சாஸிலிருந்து விவரிக்கப்பட்ட பெரிய தாடைத் துண்டு ஒன்று, மார்டோனி சிற்றினம் பிரம்மாண்டமாக வளர்ந்திருக்கும் என்று காட்டியது. பேரினத்தின் உச்ச நீளம் சுமார் 10 மீட்டர் என்பது இப்போது பலரும் ஏற்கும் அளவு.

படி 7: பல் சொல்லாததைத் தெரிந்துகொள்வது

இதுவரை சொன்னதெல்லாம் பல்லில் இருப்பது. உடலின் வடிவம் பல்லில் இல்லை. ஆனால் அதையும் பல்லிலிருந்தே ஊகித்தார்கள். நொறுக்கும் தட்டைப் பற்கள் இன்று திருக்கைகளிடம் இருக்கின்றன, ஆகவே டைகோடஸும் திருக்கைக்கு நெருங்கியது, கடலடியில் கிடந்தது என்றார்கள். உட்வர்டே அப்படித்தான் நினைத்தார். வேறு சிலர் ஹைபோடான்ட் என்ற பழைய சுறாக் கூட்டத்தில் சேர்த்தார்கள். பின்னால் கிடைத்த, முதுகுத்தண்டின் கெட்டியான குருத்தெலும்பு வட்டுகளும் தோல் செதில்களும் இது நவீனச் சுறாக்களின் பக்கம் என்று காட்டின. ஆனாலும் உருவம் புலப்படவில்லை.

விடை வந்தது மெக்சிகோவின் நுவோ லியோன் மாநிலத்தில் உள்ள வயேசீயோ என்ற இடத்திலிருந்து. அங்கே சுண்ணாம்புக் கல்லைப் பலகை பலகையாக வெட்டி எடுக்கும் குவாரிகள் இருக்கின்றன. அந்தக் கல் டுரோனியன் கட்டத்தைச் சேர்ந்தது, 9 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. 2021இல் அறிவிக்கப்பட்ட, இறக்கை போல் அகன்ற துடுப்பு கொண்ட அகிலோலாம்னா என்ற விசித்திரச் சுறாவும் அதே இடத்துக் கல்லில் கிடைத்ததுதான். பிரான்சின் ரொமான் வுல்லோவும் உடன் ஆய்வாளர்களும் 2024இல் வயேசீயோவின் டைகோடஸ்களை விவரித்தார்கள். சில மாதிரிகளில் ஏறக்குறைய முழு உடல், துடுப்பு உட்பட, கல்லில் கோட்டுருவமாகவே பதிந்திருந்தது.

கல்லில் கண்டது திருக்கை அல்ல. நீரைக் கிழித்துப் போகும், இரு முனையும் ஒடுங்கிய கதிர் வடிவ உடல், நேர்த்தியான முதுகுத் துடுப்பு, பிறை வடிவில் வலுவான வால். வெள்ளைச் சுறாவும் மேக்கோ சுறாவும் சேர்ந்திருக்கும் லாம்னிஃபார்ம் வரிசையில் இதை வைத்தார்கள். திறந்த கடலில் வேகமாக நீந்திய வேட்டைக்காரன் என்றால் இரையும் மாறுகிறது. கடலடிச் சிப்பிகளைவிட, நீரில் நீந்தித் திரிந்த அம்மோனைட்டுகளும் கடலாமைகளும் முக்கிய இரையாக இருந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். அப்படிப் பார்த்தால் ‘ஓட்டை நொறுக்கியது’ என்று பல் சொன்னது முழு உண்மை. ‘ஆகவே கடலடியில் கிடந்தது’ என்பது நாம் சேர்த்துக்கொண்ட வாக்கியம். ஒரு பல்லைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்பில் இவை இரண்டையும் ஒரே வரியில் கலக்காமல் இருங்கள்.

படி 8: களத்தில், குறிப்பாகக் காரையில்

1862இல் புவியியலாளர் எச்.எஃப். பிளான்ஃபோர்ட் திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் உலக அளவில் புழங்குகின்றன. அவற்றில் கீழ்த் தொகுதியான ஊட்டத்தூர்ப் பாறைகளிலிருந்து டைகோடஸ் டெக்கரன்ஸ் பற்றிய ஆய்வு 2012இல் வந்தது. ஓம்கார் வர்மா, ஜி.வி.ஆர். பிரசாத் ஆகியோர் அந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர்கள். இதே தொகுதியிலிருந்து இக்தியோசர் என்ற கடல் ஊர்வனத்தின் எச்சங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கின்றன.

பெரம்பலூர் மாவட்டத்தின் காரைப் பகுதிக்குப் போனால் ஊட்டத்தூர்த் தொகுதியின் களிமண் படிவுகளைக் கண்ணால் பார்க்கலாம். மரமில்லாத, மழைநீர் அரித்து வகுந்த மேடு பள்ளங்கள். வெயிலில் ஜிப்சம் பட்டைகள் மின்னும். பெலம்னைட் என்ற கணவாய் உறவினத்தின் விரல் நீளக் கூடுகள் காலடியில் கிடக்கும். சுறாப் பல் அப்படிக் கொட்டிக் கிடக்காது. தமிழ்நாட்டில் டைகோடஸ் அரிது. அதனால்தான் அங்கே கண்ணில் படும் ஒவ்வொரு பல்லும் ஆய்வுக்கு வேண்டியது.

வடகிழக்குப் பருவமழை முடிந்த தை, மாசி மாதங்கள் நல்லவை. மழை புதிதாக அரித்த பரப்பு திறந்திருக்கும், வெயிலும் தாங்கும். ஈரம் காயாத களிமண் சரிவில் ஏறாதீர்கள், கால் நிற்காது. தண்ணீர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் கிடைக்காது.

பல் ஒன்று கண்ணில் பட்டால் கையை நீட்டாதீர்கள். முதலில் இருந்த இடத்திலேயே ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். பிறகு பத்தடி பின்னால் போய்ச் சுற்றுப்புறம் தெரிய ஒரு படம். போனில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறியுங்கள். அப்புறம் முக்கியமான கேள்வி: பல் அடுக்குக்குள் பதிந்திருக்கிறதா, அல்லது மேலேயிருந்து உருண்டு வந்து கிடக்கிறதா? உருண்டு வந்தது என்றால் சரிவில் மேலே நடந்து, அது எந்த அடுக்கிலிருந்து வந்திருக்கும் என்று தேடுங்கள். அடுக்கு தெரியாத பல்லின் மதிப்பு பாதிக்கு மேல் போய்விடும்.

நோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதை நான் ஆதரிக்கவில்லை. நிலம் யாருடையது, யார் அனுமதி தர வேண்டும் என்பதைக் கேட்காமல் எதையும் எடுக்கக் கூடாது. படத்தோடும் இடக் குறிப்போடும் அருகில் உள்ள பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கோ தெரிவியுங்கள். அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் எச்ச அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போனால், எது எந்த உயிரின் மிச்சம் என்று கண் பழகியிருக்கும்.

படி 9: சுத்தம் செய்வது

முறையாக உங்கள் பொறுப்புக்கு வந்த பல் என்றால், மென்மையான பல் துலக்கும் பிரஷும் தண்ணீரும் போதும். களிமண் கட்டியோடு இருந்தால் நன்றாக உலரவிட்டு, பிறகு தண்ணீரில் போடுங்கள். உலர்ந்த களிமண் தானே கரைந்து விழும். ஈரமாக இருக்கும்போதே ஊசியால் குத்தினால் மகுடத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் பின்னால் தேய்மானம் என்று தவறாகப் படிக்கப்படும். கழுவுவதற்கு முன் கொஞ்சம் மண்ணைச் சின்னப் பையில் எடுத்து வையுங்கள், படி 2இல் சொன்ன காரணத்துக்காக. கழுவிய சேற்றை அரை மில்லிமீட்டர் சல்லடையில் வடிகட்டினால் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பற்களும் கிடைக்கலாம்.

சுண்ணாம்புக் கல்லில் பதிந்த பல்லை ஆய்வகங்களில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் அளவறிந்து விடுவிப்பார்கள். வீட்டில் வினிகரை ஊற்றிப் பார்க்க வேண்டாம், வேர் பொடிந்துவிடும். கழிவறை கழுவும் அமிலம் பக்கமே போகக் கூடாது. உடைந்திருந்தால் ஃபெவிக்விக் போடாதீர்கள், திரும்ப எடுக்க முடியாது. அருங்காட்சியகங்கள் பேரலாய்ட் பி-72 என்ற பிசினை அசெட்டோனில் கரைத்துப் பயன்படுத்துகின்றன. தேவைப்பட்டால் அசெட்டோனைக் கொண்டே அதைக் கரைத்து நீக்கிவிடலாம்.

விலைக்கு வரும் பற்களைப் புற ஊதா டார்ச்சில் பாருங்கள். ஒட்டிய கோந்தும் பூசிய கலவையும் பல்லிலிருந்து வேறுபட்டு ஒளிரும். ஒரு பல்லின் மகுடமும் இன்னொன்றின் வேரும் ஜோடி சேர்ந்திருப்பது இப்படித்தான் பிடிபடும்.

படி 10: சீட்டு எழுதுவது

பல்லோடு ஒரு சீட்டு கட்டாயம் இருக்க வேண்டும், பென்சிலிலோ அழியாத மையிலோ. ஒரு மாதிரி:

பேரினம்: டைகோடஸ். சிற்றினம்: டெக்கரன்ஸாக இருக்கலாம், உறுதியில்லை. காரணம்: மகுடம் தாழ்வு, வரிகள் ஓரம்வரை போகின்றன. இடம் வாயில்: பக்க வரிசை, எந்தத் தாடை என்று உறுதியில்லை. அளவு: அகலம், நீளம், உயரம். தேய்மானம்: உச்சியில் மட்டும். கிடைத்த இடம், அட்சரேகை, தீர்க்கரேகை. அடுக்கு: பதிந்திருந்தது அல்லது உருண்டு வந்தது. கூடக் கிடைத்தவை. தேதி. எடுத்தவர், அடையாளம் சொன்னவர்.

‘காரணம்’ என்ற வரியைத்தான் பலர் எழுதுவதில்லை. பெயர் நாளைக்கு மாறலாம். எதைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னோம் என்று எழுதியிருந்தால், மாற்றுபவர் பல்லை மறுபடி தேடி அலைய வேண்டியதில்லை. சீட்டின் எண்ணையே படக் கோப்பின் பெயராகவும் வையுங்கள். மேல், கீழ், முன், பின், பக்கம் என்று ஐந்து கோணமும் ஸ்கேலோடு இருக்கட்டும்.